சில்லறைக் கடன்களை அடைக்க ஒரே லோனா, நகையா, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதா?

எனக்குக் கடன் இருந்த இடங்கள் இவை. கிரெடிட் கார்டில் 1,04,000. இரண்டு மொபைல் ஆப்களில் சேர்த்து 36,000. அல்சூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் அக்காவிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கியது 55,000, மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி. ஆக மொத்தம் 1,95,000. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் ஆரம்பித்தது, வீடு மாற்றி அட்வான்ஸ் கட்டியபோது பெருத்துவிட்டது. பெங்களூரில் வீட்டு அட்வான்ஸ் கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. சம்பளம் வரும் வங்கியில் பர்சனல் லோன் எடுத்து எல்லாவற்றையும் அடைப்பது, நகையை அடகு வைப்பது, சீட்டு எடுப்பது, எதுவும் எடுக்காமல் சிறிய கடனிலிருந்து ஒவ்வொன்றாக முடிப்பது. நான் பர்சனல் லோன் எடுத்தேன். 14 தவணை கட்டிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே எடுப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

வட்டி குறையும் என்பது தெரிந்த விஷயம். கார்டில் மாதம் 3.5 சதவீதம், அதாவது 3,640 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,295. மினிமம் டியூ (மாதம் குறைந்தது கட்ட வேண்டிய தொகை) என்று நான் கட்டிக்கொண்டிருந்தது 5,200. அதில் அசலுக்குப் போனது 905 ரூபாய்தான். அக்காவுக்கு மாதம் 1,650 வட்டி மட்டும். அசல் அசையவே இல்லை. ஆப்களுக்கு 6,000. மாதம் 12,850 ரூபாய் போயும் கடன் அப்படியேதான் இருந்தது.

வங்கி 2 லட்சம் தர ஒத்துக்கொண்டது, 14 சதவீத வட்டி. பிராசஸிங் ஃபீஸ் 2 சதவீதமும் ஜிஎஸ்டியுமாக 4,720 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் பணம் வந்தது. 1,95,000 அடைத்ததும் கையில் மிஞ்சியது 280 ரூபாய். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன் எதுவானாலும், எல்லாச் செலவும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 14 என்று பேசியது, ஃபீஸைச் சேர்த்தால் என் கணக்கில் 16.4 ஆகிறது.

அப்புறம் வருகிறது முக்கியமான கட்டம். கவுண்டரில் இருந்தவர் சொன்னார்: “அஞ்சு வருஷம் போட்டுக்கோங்க மேடம். மாசம் 4,654 ரூபாதான். கையில காசு வந்தா முன்னாடியே குளோஸ் பண்ணிக்கலாம்.” 12,850 கட்டிக்கொண்டிருந்த எனக்கு 4,654 என்று கேட்டதுமே மூச்சு வந்த மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டிருப்பேன். நல்லவேளை, நாளைக்கு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

அதே 2 லட்சம், அதே 14 சதவீதம். இரண்டு வருடம் என்றால் தவணை 9,603, மொத்த வட்டி 30,460. மூன்று வருடம் என்றால் 6,836, வட்டி 46,080. ஐந்து வருடம் என்றால் 4,654, வட்டி 79,220. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே 48,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அக்காவிடம் வாங்கியதில் பெரும்பகுதி அது.

“முன்னாடியே குளோஸ்” என்பதையும் கணக்கில் பார்த்தேன். ஐந்து வருடக் கடனில் இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினால் சுமார் 1,11,700 ரூபாய் போயிருக்கும். அப்போதும் அசல் சுமார் 1,36,150 பாக்கி நிற்கும். முதல் 12 மாதம் குளோஸ் செய்யக் கூடாது, அதற்குப் பிறகு பாக்கித் தொகையில் 4 சதவீதமும் ஜிஎஸ்டியும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அது இன்னொரு 6,400. 2026 ஜனவரி முதல் தரப்படும் கடன்களில் முன்கூட்டி அடைப்பதற்குத் தனிநபர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி மாறும் வட்டிக் கடன்களுக்கானது. பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. ஆகவே அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாதத் தவணை குறைவதும் கடன் குறைவதும் வேறு வேறு. நான் ஏற்கெனவே 12,850 கட்டிப் பழகியிருந்ததால் 9,603 எனக்குப் பாரமாகத் தெரியவில்லை; மாதம் 3,000 மிச்சமானது. என் நிபந்தனை இதுதான்: இப்போது கட்டும் தொகையை ஒட்டியே தவணை இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள். ஐந்து வருடத்துக்கு இழுத்தால்தான் கட்ட முடியும் என்ற நிலை இருந்தால், இந்த லோன் சரிவராது என்றே சொல்வேன்.

நகைக் கடன் வட்டியில் இதைவிட மலிவு. ஒரு பொதுத்துறை வங்கியில் எனக்குச் சொன்னது 9.5 சதவீதம். சிபில் ஸ்கோர் சரியில்லாதவர்களுக்கு இதுதான் வழி. 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2025 விதி சொல்கிறது. ஆனால் எனக்குச் சொன்ன திட்டத்தில் மாதாமாதம் அசல் கட்ட வேண்டியதில்லை. வருடக் கடைசியில் மொத்தமாகப் புரட்ட வேண்டும். எங்கள் மாமியார் ஒரு ஆரத்தை வட்டி மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தார். ஆறாவது வருடம் அது முழுகிப்போனது. நானே வைத்தது ஒரே தடவை, 40,000 ரூபாய்க்கு, நான்கு மாதத்தில் மீட்டுவிட்டேன். அந்த அனுபவத்தை வைத்து 2 லட்சத்துக்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கும் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு இது பொருந்தலாம்.

சீட்டை நான் இதற்குப் பயன்படுத்தியதில்லை. எடுப்பதானால் கர்நாடக அரசு நிறுவனமான எம்எஸ்ஐஎல் மாதிரிப் பதிவு பெற்ற இடத்தில் எடுங்கள். முதல் மாதங்களிலேயே ஏலத்தில் தள்ளுபடி கொடுத்து எடுத்தால் போகும் கழிவையும் வட்டியாகவே எண்ணிப் பாருங்கள்.

லோனே வேண்டாம் என்பதும் நல்ல வழிதான், கடன் சின்னதாக இருந்தால். என் ஓர்ப்படிக்கு மொத்தமே 60,000. சிறியதை முதலில் முடித்து ஒன்பது மாதத்தில் வெளியே வந்துவிட்டாள். என்னிடமும் வட்டியில்லாத போன் தவணை ஒன்று இருந்தது. அதை லோனில் சேர்க்காமல் அப்படியே ஓடவிட்டேன். ஒன்றாக்குகிறோம் என்று வட்டியில்லாததையும் இழுத்துப் போடாதீர்கள்.

பணம் வந்த அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். “கணக்கை முடிக்க வந்திருக்கேன்க்கா” என்றேன். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் என் கையெழுத்து இருந்த புரோநோட்டைத் தேடிக் கொடுத்தார். அதோடு நான் மறந்தே போயிருந்த, தொகை எழுதாத ஒரு செக்கும் வந்தது. இரண்டையும் வாங்காமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மீட்டர் பட்டிக்காரர்கள், அதாவது கந்துவட்டிக்காரர்கள், அப்படிப்பட்ட செக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை.

கார்டின் லிமிட்டை 20,000-க்குக் குறைக்கச் சொன்னேன். ஆப்களை அழிப்பதற்கு முன் நிலுவை இல்லை என்ற கடிதத்தை இறக்கி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து இலவசக் கிரெடிட் அறிக்கையைப் பார்த்தால், அந்த ஆப்களில் ஒன்றில் இன்னும் 11,000 பாக்கி என்றே காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடிதத்தை இணைத்துப் புகார் கொடுத்தேன். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. மூன்றாவது வாரம் திருத்திவிட்டார்கள்.