இன்டர்வல் எப்போதும் சகலைக்குத்தான்: 'பிரேக்கிங் பேட்' திரைக்கதைக் கணக்கு

எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடலாம்: கீழே கதை முழுக்க உடைகிறது. 'பிரேக்கிங் பேட்' பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு நெட்ஃபிளிக்ஸைத் திறக்கலாம். 5 சீசன், 62 எபிசோட், ஒவ்வொன்றும் சுமார் முக்கால் மணி நேரம். நாளுக்கு இரண்டு பார்த்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நடிப்பைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் ஊரே பேசி முடித்துவிட்டது. இங்கே பார்க்கப்போவது திரைக்கதையின் எலும்பை மட்டும்: எங்கே இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள், எங்கே மரை கழன்று ஆடுகிறது என்று.

ஒன்லைன் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நியூ மெக்ஸிகோ மாநிலம் ஆல்புகெர்க்கியில் 50 வயது வேதியியல் வாத்தியார் வால்டர் வொயிட். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்துக்குப் பணம் சேர்க்க, பழைய மாணவன் ஜெஸ்ஸியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சுகிறார். மனைவியின் தங்கை கணவர், அதாவது சகலை ஹேங்க், போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி. வின்ஸ் கில்லிகன் உருவாக்கி, ஏ.எம்.சி. சேனலில் 2008 ஜனவரி 20 முதல் 2013 செப்டம்பர் 29 வரை ஓடியது. விளம்பர இடைவெளிகளுக்காக எழுதப்பட்ட தொடர் என்பதால் ஒவ்வொரு எபிசோடும் ஒரு டீசரும் (டைட்டிலுக்கு முன்னால் வரும் காட்சி) நான்கு அங்கங்களுமாக நறுக்கப்பட்டிருக்கும். விளம்பரமே இல்லாமல் பார்க்கும்போதும் திரை ஒரு கணம் கறுத்து மீளும் இடங்கள் தெரியும். ஒவ்வொரு கறுப்புக்கும் முன்னால் வரும் கடைசி ஷாட்டைக் கவனித்தால் எழுதியவர்கள் எதைக் கொக்கியாக நினைத்தார்கள் என்பது புரிந்துவிடும்.

தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தொடரில் சட்டென்று பிடிபடுவது வேறொன்று. ஹாலிவுட் பாடப்புத்தகம் மூன்று அங்கம் என்று சொல்லும். நமக்கு உடம்பில் ஊறியது இன்டர்வல் பிளாக். அந்தக் கண்ணோடு எபிசோட் எண்களைப் பாருங்கள். 2, 3, 4 ஆகிய மூன்று சீசன்களிலும் 13 எபிசோட். நட்டநடு 7. ஐந்தாவது சீசனில் 16; முதல் பாதி 8-இல் முடிகிறது. இந்த நான்கு இடங்களிலும் பெரிய சம்பவம் நடப்பது ஹீரோ வால்டருக்கு இல்லை, ஹேங்குக்கு.

இரண்டாவது சீசன் 7: எல்லையோரப் பாலைவனத்தில், ஆமையின் முதுகில் வெட்டுப்பட்ட ஒரு தலை நகர்ந்து வருகிறது. சக அதிகாரிகள் சிரிக்கிறார்கள். ஹேங்க் தாங்க முடியாமல் ஒதுங்கிப் போகிறார், அந்த நேரம் பார்த்து ஆமை வெடிக்கிறது. பயந்ததால்தான் பிழைக்கிறார். நாலாவது சீசன் 7: கோழிக்கடை முதலாளி கஸ் ஃபிரிங்கின் கைரேகையைக் கொலை நடந்த வீட்டு ரேகையோடு பொருத்திக்காட்டி மேலதிகாரிகளை வாயடைக்க வைக்கிறார். அதுவரை, மூன்றாவது சீசனில் பட்ட குண்டடியால், கட்டிலில் கிடந்து கனிமக்கற்களைச் சேகரித்துக்கொண்டிருந்த ஆள் அவர். முதல் சீசனை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 9 எபிசோட் திட்டம் 7-ஆகக் குறுகியது.

மூன்றாவது சீசன் 7, 'ஒன் மினிட்', திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய எபிசோட். ஹேங்க் ஜெஸ்ஸியை அடித்து நொறுக்குகிறார். அதனால் பணி இடைநீக்கம். அதனால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. இந்த 'அதனால்' இரண்டும்தான் சண்டைக்காட்சிக்கு முழு எரிபொருள். வாகன நிறுத்துமிடத்தில் நிராயுதபாணியாக உட்கார்ந்திருக்கும்போது போன் வருகிறது: இரண்டு பேர் கொல்ல வருகிறார்கள், ஒரு நிமிடம் இருக்கிறது. நேரத்தைச் சொன்ன பிறகு இயக்குநருக்கு வேகமான வெட்டுகள் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வழிப்போக்கரும் கொலையாளியாகத் தெரிகிறார். கடைசியில் ஹேங்க் சுடுவது எந்தக் குண்டால்? அதே எபிசோடில் ஆயுத வியாபாரி இலவச மாதிரியாகக் கொடுத்த ஒற்றைக் குண்டு. அதைச் சட்டைப்பையில் வைத்திருந்த கொலையாளியிடமிருந்தே அது தரையில் விழுந்து உருள்கிறது. கொசுறாகக் கிடைத்த பொருள் எமனாகிறது. சில நிமிட இடைவெளியில் விதைத்து அறுத்தாலும் திணித்ததுபோல் தெரியாததற்குக் காரணம், குண்டு அறிமுகமாகும் காட்சியின் பேச்சு குண்டைப் பற்றியது இல்லை, கவச உடையைப் பற்றியது. பார்வையாளரின் கவனம் வேறு பக்கம் இருக்கும்போதுதான் பொருளை மேசையில் வைக்க வேண்டும்.

நீண்ட வட்டிக்கு விட்ட உதாரணம் ஐந்தாவது சீசன் 8. மூன்றாவது சீசனில் ஆய்வக உதவியாளர் கேல், அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதை ஒன்றை வால்டருக்குச் சொல்கிறார். சாதாரண குணச்சித்திரத் துணுக்குபோல் போய்விடும். நாலாவது சீசனில் கேலின் குறிப்பேட்டில் 'டபிள்யூ.டபிள்யூ.' என்று இருப்பதை ஹேங்க் சகலையிடமே காட்டிக் கேட்க, அவர் அது வால்ட் விட்மன் என்று நழுவுகிறார். ஐந்தாவதில் வால்டர் வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்து கைக்கு எட்டிய புத்தகத்தைப் புரட்டுகிறார் ஹேங்க்: விட்மனின் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்', கேலின் கையெழுத்தில் சமர்ப்பணம். துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. மூன்று சீசன் சேர்ந்து ஒரு முகபாவம். இதை இன்டர்வலாகவே அனுபவிக்க விரும்பினால் இங்கே ரிமோட்டைக் கீழே வைக்க வேண்டும். ஒளிபரப்பில் 2012 செப்டம்பர் 2-க்கும் 2013 ஆகஸ்ட் 11-க்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்க வைத்தார்கள். ஓடிடியில் 16-ஐயும் ஒரே சரமாகக் கோத்துவிட்டதால் அடுத்தது சில நொடிகளில் தானாக ஓடிவிடும். தானியங்கி ஓட்டத்தை அணைத்துவிட்டு ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். டீசருக்கும் அதே அறிவுரை. 'முன்கதை', 'தொடக்கம்' என்று எதையும் தாண்டப்போய் டீசரில் கால் வாசியைத் தொலைத்துவிடக் கூடாது.

காட்சிக்குள் சிக்கலை எப்படி முறுக்குவது என்பதற்கு இரண்டாவது சீசனின் '4 டேஸ் அவுட்' (எபிசோட் 9) போதும். வால்டரும் ஜெஸ்ஸியும் மெத் காய்ச்சப் போன பாலைவனத்தில், சாவியை வண்டியிலேயே மாட்டி வைத்ததில் பேட்டரி தீர்கிறது. ஜெனரேட்டரை ஓட்டினால் தீப்பிடிக்கிறது. தீயை அணைக்க ஜெஸ்ஸி குடிதண்ணீரை ஊற்றிவிடுகிறான். ஆக, ஒவ்வொரு தீர்வும் அடுத்த பிரச்சினையைப் பெற்றுப் போடுகிறது. கடைசியில் துத்தநாகம் பூசிய சாமான்கள், பிரேக் பேடுகள், கிராஃபைட், செம்புக் கம்பி என்று வண்டியில் கிடந்ததை வைத்தே பேட்டரி செய்கிறார் வாத்தியார். தப்பித்து வந்தால் மருத்துவரிடம் நல்ல செய்தி: கட்டி சுருங்கியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் கழிவறைச் சுவரில் இருக்கும் காகிதத் துவாலைப் பெட்டியைக் குத்தி நெளிக்கிறார். ஐந்தாவது சீசன் 8-இல் அதே பெட்டி, அதே நெளிசலோடு மறுபடி வருகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுதான் அழகு.

இனி கழன்ற மரைகள். பெரியது, இரண்டாவது சீசனின் விமான விபத்து. 1, 4, 10, 13 ஆகிய எபிசோடுகள் கறுப்பு வெள்ளை டீசரோடு தொடங்குகின்றன. நீச்சல் குளத்தில் இளஞ்சிவப்புக் கரடி பொம்மை மட்டும் நிறத்தோடு மிதக்கும். அந்த நான்கு தலைப்புகளையும் வரிசையாகப் படித்தால் ஆல்புகெர்க்கி மேல் 737 விமானம் விழுந்தது என்று வாக்கியம் வரும். குறுக்கெழுத்துப் போட்டிக்கு அருமையான விடை, கதைக்கு இல்லை. ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத்திணறிச் சாவதை வால்டர் தடுக்காமல் பார்த்து நிற்கிறார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரான அவளுடைய அப்பா, மகளை இழந்த துக்கத்தில் தவறு செய்ய, இரண்டு விமானங்கள் மோதுகின்றன. காரணச் சங்கிலி காகிதத்தில் சரி. ஆனால் இடிபாடு வால்டர் வீட்டுக் குளத்திலேயே விழுவது எழுத்தாளர் கை நீண்டு வந்து வைத்தது. நான்கு டீசரில் வளர்த்த பயம், அந்த வீட்டுக்குள் நடக்கப்போகும் எதையோ பற்றியது. வானத்திலிருந்து விழுந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்ற எரிச்சல்தான் மிச்சம். அதற்கு முந்தைய எபிசோடில் ஜேனின் படுக்கையருகே வால்டரின் முகம் மாறும் அந்தச் சில நொடிகளோடு ஒப்பிட்டால் விமானம் வெறும் சத்தம்.

நாலாவது சீசனின் ரைசின் சிகரெட் விவகாரமும் லாஜிக்கில் நொண்டும். ஜெஸ்ஸியின் சிகரெட்டில் ஒளித்துவைத்த ரைசின் விஷம்தான் சிறுவன் பிராக்கை வீழ்த்தியது என்று ஜெஸ்ஸியை நம்பவைக்கிறார் வால்டர்; உண்மையில் பயன்பட்டது ஒரு நச்சுச் செடி. செடியை விதைத்த விதம் பிரமாதம்: குளத்தருகே வால்டர் சுழற்றிவிடும் துப்பாக்கி இரண்டு முறை அவரையே பார்த்து நின்று, மூன்றாவது முறை பூந்தொட்டியைப் பார்த்து நிற்கிறது. ஆனால் அந்தச் செடியின் விஷம் ஜெஸ்ஸியின் புதிய காதலியின் மகனான பிராக்கின் வயிற்றுக்குள் எப்படிப் போனது என்பதைத் திரையில் கடைசிவரை காட்டவே இல்லை.

மூன்றாவது சீசனின் 'ஃப்ளை' (எபிசோட் 10) ரசிகர்களை இரண்டாகப் பிரித்த எபிசோட். பட்ஜெட் நெருக்கடியில் ஒரே செட்டில் எடுத்தது. இரண்டு பேர் ஒரு ஈயைத் துரத்துகிறார்கள், அவ்வளவுதான். தாண்டிப் போகலாமா? கூடாது. தூக்க மாத்திரை மயக்கத்தில் வால்டர், ஜேன் செத்த கதையை உளறும் விளிம்பு வரை வந்து நின்றுவிடுகிறார். அந்தப் பாதி வாக்கியம் முடிவது 'ஓசிமாண்டியாஸ்' (ஐந்தாவது சீசன் 14) எபிசோடில், ஜெஸ்ஸியை நோகடிக்க வேண்டும் என்றே. இரண்டையும் இயக்கியவர் ரையன் ஜான்சன்; முதலாவதை சாம் கேட்லினோடு சேர்ந்தும் இரண்டாவதைத் தனியாகவும் எழுதியவர் மோய்ரா வாலி-பெக்கெட். ஈ எபிசோடைத் தாண்டியவருக்கு அந்த அடியில் பாதி வலிதான்.

'ஓசிமாண்டியாஸ்' தொடங்குவது, முதன்முதலாக மெத் காய்ச்சிய அதே பாலைவன இடத்தில். வால்டர் மனைவிக்குப் போனில் சொல்ல வேண்டிய பொய்யை ஒத்திகை பார்க்கிறார். பிறகு வால்டர், ஜெஸ்ஸி, வண்டி என்று ஒவ்வொன்றாகக் கரைந்து மறைய, அதே மண்ணில் துப்பாக்கிச் சண்டை முடிந்த களம் தெளிகிறது. ஹேங்கைச் சுடப்போகும் நவநாஜி கும்பல் தலைவன் ஜாக்கிடம், எட்டுக் கோடி டாலர் பணத்தைத் தருகிறேன் என்று வால்டர் கெஞ்சுகிறார். ஹேங்குக்கு முடிவு தெரிந்துவிட்டது, வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை. நான்கு இன்டர்வலையும் தூக்கிச் சுமந்த ஆளை எபிசோடின் தொடக்கத்திலேயே சாய்த்துவிட்டு, மீதி நேரத்தில் வீடு, மனைவி, மகன், கைக்குழந்தை என்று ஒவ்வொன்றாக வால்டரிடமிருந்து பிடுங்குகிறார்கள். க்ளைமாக்ஸை நடுவில் போட்டுவிட்டு அதன் விளைவுகளையே எபிசோடாக்கும் துணிச்சல் இது.

அதற்கப்புறம் வரும் இரண்டு எபிசோடுகளில் எதிராளி இல்லாத வெறுமை தெரிகிறது. ஹேங்க் இருந்தவரை வால்டரின் ஒவ்வொரு பொய்யும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தது. ஜாக் கும்பலுக்கும் வால்டருக்கும் அப்படியோர் உறவு கிடையாது, வெறும் பகைதான். ஐந்தாவது சீசனின் முதல் டீசரிலேயே, 52-வது பிறந்தநாளன்று, கார் டிக்கியில் ஓர் இயந்திரத் துப்பாக்கியைக் காட்டிவிட்டார்கள். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமலேயே வைத்ததாகக் கில்லிகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தெரியாமல் வைத்தது கடைசி எபிசோட் 'ஃபெலீனா'வில் தெரிகிறது: கார் சாவி ரிமோட்டை அழுத்தினால் சுழலும் துப்பாக்கி, அதற்கு வசதியாக ஒரே அறையில் கூடி நிற்கும் மொத்தக் கும்பல், சரியான கோணத்தில் நிறுத்த இடம் கொடுத்த காவலாளி. ஒற்றைக் குண்டை அவ்வளவு நேர்த்தியாக வைத்தவர்கள், நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுட்டும் 'ஒன் மினிட்' தந்த பதற்றத்தில் பாதியைக்கூடத் தரவில்லை.