வாயால் சொல்வதா, எழுதிக் கொடுப்பதா?

மலையை வெட்டி வீடு கட்டும் இடத்தில் மண்சரிவு வரும் என்று பொறியியலாளருக்குத் தெரிகிறது. எப்படிச் சொல்வது?

வாயால் சொன்னால் சுலபம், வீட்டுக்காரரும் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் அடுத்த மழைக்குள் அது மறந்துபோகும். மேசன் பாஸ் மாறுவார், அத்திவாரம் அதே இடத்தில் எழும்பும்.

எழுதிக் கொடுத்தால் மனஸ்தாபம் வரலாம், அடுத்த வேலையும் கையை விட்டுப் போகலாம். சரி, போகட்டும். திகதியும் கையொப்பமும் உள்ள கடிதத்தை யாரும் 'கேள்விப்படவே இல்லை' என்று தள்ளமுடியாது. பொறியியலாளர்களைப் பதிவு செய்ய 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கும் இலங்கையில், பதிவு பெற்றவரின் கையொப்பத்துக்கு எடை அதிகம்.

நான் எழுத்தின் பக்கம்தான். ஆனாலும் மண்சரிவில் புதைந்த பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியபோது சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். கடிதம் கோப்புக்குள் போனால் போதாது. லயத்து வாசலில் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். எந்த வெடிப்பைக் கண்டால் வெளியேறவேண்டும், எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பது வரைக்கும்.