தங்கசாலைத் தெருப் பக்கம் ஒரு பட்டறை: ராணி காலத்து நகையைக் கொடுக்கலாமா?

சௌகார்பேட்டையில் பழைய தங்கத்தை எடுத்து நீட்டினால் முதலில் தராசு வரும், அப்புறம் கால்குலேட்டர் வரும். நகையைத் திருப்பிப் பார்க்கிற ஆள் அபூர்வம். தங்கசாலைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கும் இந்தப் பட்டறையில் முதலில் லென்ஸ் வருகிறது. அதற்காகவே இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் சேட்டு, மூன்று தலைமுறையாக இதே தெருப் பக்கம்தான், என்னைவிட நன்றாக மெட்ராஸ் தமிழ் பேசுவார். உள்ளே சன்னல் ஓரமாக வேலை செய்பவர் பத்தர். இருவரும் ஊர் அறிய விளம்பரம் வேண்டாம் என்றதால் பெயர் எழுதவில்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டை. வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சேர்ப்பது விக்டோரியா ராணி காலத்துத் தங்க நகை, அதாவது 1837 முதல் 1901 வரை. பெரிதாக ஒன்றும் இல்லை: ப்ரூச், லாக்கெட், டை பின், கஃப் பட்டன் மாதிரி பொடி உருப்படிகள். இதெல்லாம் வடசென்னையில் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பலர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். பாட்டியின் நகையில் ஒரு பங்கு அவர்களோடு போனது, ஒரு பங்கு இங்கே அடகுக் கடைக்கு வந்தது. புடவைக்கு ப்ரூச் யார் குத்துகிறார்கள்? போதாக்குறைக்கு 22 கேரட்டும் இல்லை. ஆகவே உருக்கத்தான் போகும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என்.எஸ்.சி. போஸ் சாலையில் போய் 'ஆன்ட்டிக்' என்று கேட்காதீர்கள். நேற்று செய்த லட்சுமி பதக்கத்தை மங்கலாக மெருகேற்றி எடுத்துக் காட்டுவார்கள். தவறில்லை, அவர்கள் வியாபாரத்தில் அது ஒரு ஃபினிஷின் பெயர். இந்தப் பட்டறையில் "வெள்ளைக்காரன் காலத்து உருப்படி" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

நான் முதலில் கொடுத்தது ஒரு பார் ப்ரூச். விரல் நீளக் கம்பி, நடுவில் பொட்டுப் போல ஒரு டர்க்காய்ஸ், இரண்டு பக்கமும் அரிசி முத்து. பின்பக்கம் சி வடிவக் கொக்கி. பூட்டிக்கொள்ளும் சுழல் கொக்கி பின்னால் வந்ததுதான். பழைய ப்ரூச்சில் ஊசி சும்மா அந்தக் கொக்கிக்குள் தங்கியிருக்கும், முனை பெரும்பாலும் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். சரி, இதில் கீல் பக்கம் உடைந்து, யாரோ ஒருவர் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி வைத்துப் பற்றவைத்திருந்தார். பத்தர் லென்ஸை எடுக்காமலே சொன்னார்: "இது ஈயம்மா. இது மேல நெருப்பு காட்டினா தங்கத்தைத் தின்னுடும்."

உண்மைதான். ஈயப்பற்று இருக்கும் இடத்தைத் தங்கப்பற்றின் சூட்டுக்குக் கொண்டுபோனால் ஈயம் தங்கத்துக்குள் இறங்கி அந்த இடம் குழி விழும், நொறுங்கும். இது தெரியாமல் ஊதுபவர்களிடம் போன நகை திரும்பி வராது. இவர் அந்தக் கட்டி முழுவதையும் கத்தி முனையால் சுரண்டியே எடுத்தார். பொறுமையாக, கீழே வெள்ளைத் தாள் விரித்து. அடுத்த சிக்கல் முத்து. முத்தும் டர்க்காய்ஸும் நெருப்புத் தாங்காது, திராவகமும் ஆகாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திரும்பப் பதித்தால் பழைய பதிப்பு போய்விடும். அதனால் கீலை மட்டும் பக்கத்துக் கட்டடத்தில், சூடு பரவாமல் ஒட்டும் லேசர் மெஷின் வைத்திருப்பவரிடம் எடுத்துப் போய், தானே கூட நின்று ஒட்டி வாங்கி வந்தார். ஒட்டுவதற்கான கம்பியையும் கடையில் வாங்கவில்லை. சுத்தத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் சேர்த்து உருக்கி, நிறம் ஒத்துப்போகிற வரை பார்த்து, தானே இழுத்தார். பழைய ஊசியை அப்படியே வைத்திருக்கிறார். சுரண்டிய தூளைக்கூட ஒரு பொட்டலத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். கூலி 2,400 ரூபாய், லேசருக்கும் சேர்த்து. செய்கூலி, சேதாரம் என்று எதுவும் பேசவில்லை.

இந்த நிறம் ஒத்துப்போகிற விஷயம் சின்னதல்ல. இங்கிலாந்தில் 1854 முதல் 15, 12, 9 கேரட்டுகளுக்கும் சட்டப்படி அனுமதி கிடைத்தது. அதுவரை 22-ம் 18-ம்தான். விக்டோரியா காலத்து நல்ல நகைகளில் பாதிக்குப் பாதி இந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். ஆயிரத்தில் 625 பங்கு தங்கம். 1932-ல் பதினைந்தையும் பன்னிரண்டையும் எடுத்துவிட்டு 14 கேரட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகவே 15 என்ற முத்திரை இருந்தால் உருப்படி 1932-க்கு முந்தையது என்று சொல்லலாம். விக்டோரியா என்று சொல்லிவிட முடியாது, மகன் எட்வர்டு காலத்தில் செய்ததாகவும் இருக்கலாம். முத்திரையே இல்லாமலும் நிறைய வரும், ஏனென்றால் அந்தக் காலத்தில் பலவகை நகைகளுக்கு முத்திரை கட்டாயமில்லை. நம் ஹால்மார்க் கணக்கில் 14 உண்டு, 18 உண்டு, 15 கிடையாது. அதனால் இங்கே பல கடைகளில் பதினைந்தைப் பதினான்காகவே கணக்குப் போட்டு வாங்குவார்கள். சேட்டு அப்படிச் செய்வதில்லை. பதினைந்துக்குப் பதினைந்து.

பத்தர் மேல் எனக்கு மரியாதை வந்தது அடுத்த உருப்படியில். முட்டை வடிவப் பதக்கம், எட்ரஸ்கன் (பழங்கால இத்தாலி மக்கள்) பாணி, விளிம்பெல்லாம் பொடிப் பொடியாகத் தங்கக் குண்டுகள். 1860-70 வாக்கில் இத்தாலியில் புதைகுழிகளிலிருந்து எடுத்த பழங்கால நகைகளைப் பார்த்து ஐரோப்பா முழுக்க இந்த மோகம் பிடித்திருந்தது. அதன் மேற்பரப்பு பளபளக்காது, பழுத்த மாம்பழத் தோல் மாதிரி மங்கலான மஞ்சள். இதைச் சோதிக்கக் காரட் மீட்டரில், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்று காட்டும் மெஷினில், வைத்தார்கள். முன்பக்கம் 70-க்கு மேல் காட்டியது. பின்பக்கம் ஓரத்தில் லேசாகச் சுரண்டி வைத்தால் 62 சொச்சம். மெஷின்காரப் பையன் குழம்பிப் போய் "முலாம் போட்டிருக்கு மேடம்" என்றான். பத்தர் சிரித்தார். "முலாம் இல்லடா, நிறம் எடுத்திருக்கான். வெடியுப்பு, படிகாரம், கறியுப்பு. எங்க அப்பா செஞ்சிருக்காரு."

அதேதான். லண்டனிலும் பர்மிங்காமிலும் தட்டான்கள் அதே மூன்றைத்தான் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். கலவை மேற்பரப்பில் இருக்கும் செம்பை அரித்துவிடும், சுத்தத் தங்கம் மட்டும் ஒரு மெல்லிய தோலாக மேலே நிற்கும். ஆகவே மெஷின் மேல்தோலைப் படித்தால் ஒன்று, உள்ளே படித்தால் இன்னொன்று. ஆங்கிலத்தில் தடித்தடிப் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் எனக்கு. அவருக்கு அப்பா கை வேலை.

அந்தத் தோல் முடி அளவுகூடத் தடிமன் கிடையாது. பஃப்பில், அதாவது மெருகேற்றும் சக்கரத்தில், ஒரு சுற்று காட்டினால் போச்சு. இதற்கு முன் வேறொரு இடத்தில் கொடுத்த ஜோடிக் காதணியை "சும்மா கிளீன் பண்ணேன்மா, ஃப்ரீ" என்று கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தார்கள். நூற்று நாற்பது வருஷ வேலை அரை நிமிடத்தில் போனது. இங்கேயும் எச்சரிக்கை தேவை: பத்தர் தொட மாட்டார், ஆனால் பாலிஷ் போடும் பையன் ஆர்வக்கோளாறு. கொடுக்கும்போதே சீட்டில் 'பாலிஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். தண்ணீரில் போட்டு அதிரவைத்துக் கழுவும் அல்ட்ராசானிக் மெஷினும் வேண்டாம். பின்பக்கம் மூடிய பதிப்பில் கல்லுக்கு அடியில் தகடு வைத்திருப்பார்கள், தண்ணீர் புகுந்தால் கல் மங்கிக் கண்ணை மூடிக்கொள்ளும்.

லாக்கெட் கதை தனி. கறுப்பு எனாமல், முன்னால் 'நினைவாக' என்ற பொருளில் ஆங்கில எழுத்து, பின்னால் சின்னக் கண்ணாடிக்குள் பின்னிய முடி. ஆல்பர்ட் இளவரசர் 1861 டிசம்பரில் இறந்தபின் ராணி கடைசிவரை துக்க உடையைக் கழற்றவில்லை, ஊரே கறுப்பு நகைக்கு மாறியது. இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்புக் கல், அது கட்டுப்படியாகாதவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி, வல்கனைட் ரப்பர். இறந்தவர் முடியை நகையில் வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். என் அம்மா அந்த லாக்கெட்டைப் பூஜை அறை இருக்கும் பக்கமே கொண்டுவர விடவில்லை. சேட்டு கூடப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த முடிய எடுத்துட்டு பாலாஜி படம் வச்சுத் தரட்டா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே உதவி. கீல் மட்டும் சரிசெய்யச் சொன்னேன். தண்ணீர் படாமல், முடி கலையாமல் செய்து கொடுத்தார் பத்தர். உள்ளே கூடு என்பதால் காற்றுப் போக ஓட்டை இருக்கிறதா என்று முதலில் தேடினார். அடைத்த கூட்டுக்கு நெருப்புக் காட்டினால் காற்று விரிந்து வெடிக்கும்.

பவுன் காசு வைத்திருப்பவர்களுக்கும் இந்த இடம் உதவும். நம் வீடுகளில் ராணி தலைப் பவுன் இன்னும் இருக்கிறது, வளையம் வைத்துச் சங்கிலியில் கோத்தபடி. இளம் தலை 1887 வரை, ஜூபிலி தலை (ஆட்சியின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்தது) 1893 வரை, முக்காடு போட்ட வயதான தலை 1901 வரை. பின்பக்கம் குதிரை வீரனுக்குப் பதில் கேடயம் இருந்தால் கவனியுங்கள். இந்தியாவில் கேடயக் காசுக்குத்தான் விருப்பம் அதிகம் என்பதால் சிட்னி, மெல்பர்ன் நாணயச்சாலைகள் 1887 வரை அதை விடாமல் அடித்தன. எஸ் அல்லது எம் என்று பொடி எழுத்து இருக்கும். எடை 7.98 கிராம், 22 கேரட். வளையத்தைக் கழற்றித் தருவார் பத்தர், ஆனால் விளிம்பில் பற்றுத் தழும்பு போகாது என்று நேராகச் சொல்லிவிடுவார். தழும்பை மறைத்துத் தருகிறேன் என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள், ராவி எடையைக் குறைத்துவிடுவார்.

சேட்டு அவ்வப்போது விற்கவும் செய்கிறார். ஒருமுறை சாமி உருவங்கள் புடைத்த ப்ரூச் ஒன்றைக் காட்டினார், பெட்டியின் உள்பட்டுத் துணியில் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர். 1849 முதல் இருக்கும் அந்தக் கடை, வெள்ளைக்காரர்களுக்காக நம் பத்தர்கள் கையால் இந்தச் சாமி நகைகளைச் செய்து விற்றது. லண்டனில் வேலைப்பாடு, மெட்ராஸில் தெய்வம் என்று இல்லாமல் இரண்டும் இங்கேயே. விலை கேட்டதும் மூடி வைத்துவிட்டேன். விற்கும்போது சேட்டு முழு வியாபாரி. கல்லைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், கார்னெட்டை மாணிக்கம் என்று சொல்லக் கூச்சப்பட மாட்டார். தங்கத்தில் பொய் இல்லை, கல்லில் கொஞ்சம் உண்டு.

குறைகள் வேறும் இருக்கின்றன. சொன்ன தேதிக்கு ஒன்றும் தயாராகாது. 'செவ்வாய்க்கிழமை' என்றால் அடுத்த செவ்வாய் என்று வைத்துக்கொள்ளலாம், தீபாவளிக்கு முன் அதுவும் கிடையாது. ரசீது என்பது எடையும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு. அதனால் கண்முன்னே எடை போடச் சொல்லி, செல்போனில் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் கொடுப்பேன். சேட்டு முகம் சுளிக்க மாட்டார், தானே வெளிச்சம் பிடிப்பார். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி பாதியில் முடிந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே இருந்து குரல் கொடுத்தால் பையன் வருவான், ஆனால் நகையை அவனிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.

லண்டன் அக்கா மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அங்க சும்மா கிடக்கிறதை எனக்கு அனுப்புங்க சித்தி, நல்ல விலைக்குப் போகும்" என்றாள். போகும்தான். ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உருப்படியைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் விடாது. சேட்டும் இதைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். இங்கே வாங்கி இங்கேயே வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தப் பட்டறை.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடமில்லை. மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடப்பது நல்லது. பகல் பன்னிரண்டுக்கு முன் போனால் பத்தருக்கு சன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும், பேசவும் நேரம் இருக்கும். மாலையில் போனால் சீனா பாய் கடை நெய் இட்லி கிடைக்கும், பத்தர் கிடைக்க மாட்டார். ஞாயிறு விடுமுறை. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பாலிஷ் பையனை வேறு வேலைக்கு மாற்றினால் நாலரை.