மாலத்தீவா, தாய்லாந்தா? ஜோடியாக இங்கிலீஷ் சொல்லித்தரக் கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து என்னிடம் இதைக் கேட்கிற ஜோடிகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அச்சு. மனைவி எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., ஏதாவது ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை. கணவர் பி.இ., ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துச் சலித்தவர், ஆங்கிலம் சரளமாக வரும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் பிடிக்கும், ஆனால் பி.எட். கிடையாது. "எந்த நாட்டுல சம்பளம் அதிகம்க்கா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். தனி ஆளாகப் போகிறவர் அப்படிக் கேட்கலாம். ஜோடியாகப் போகிறவர்கள், இருவரில் யார் கையில் சர்டிபிகேட் கம்மியோ அவருக்கு அந்த நாட்டில் என்ன வேலை கிடைக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு சம்பளத்தை மட்டும் பார்த்துப் போனால் ஒருவர் சம்பாதிப்பார், இன்னொருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீடும் இதே அச்சுதான். எனக்கு பி.எட். உண்டு, எங்க வீட்டுக்காரருக்கு இல்லை. முதலில் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவு, பிறகு தாய்லாந்தில் வடகிழக்கே ஈசான் பகுதியில் ஒரு சிறு நகரம். இரண்டு இடத்திலும் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்பதால் இந்த இரண்டைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

மற்ற நாடுகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். தென்கொரியாவில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஈ-2 விசா அடிப்படையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்கானது. இந்தியாவோடு போட்டு 2010இல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தில் நம் ஆட்களுக்கும் ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆசிரியர் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். அதாவது நான் எட்டிப் பார்க்கலாம், அவர் பார்க்க முடியாது. சீனாவிலும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் ஆங்கில டீச்சர் வேலை. பூட்டான் அருமையான இடம், நமக்கு விசாவே தேவையில்லை, ஆனால் அவர்கள் பணம் நம் ரூபாய்க்குச் சமம், வீட்டு லோன் கட்டப் போகிறவர்களுக்கு அதில் பெரிய லாபம் இருக்காது. வளைகுடாவில் இருக்கும் இந்தியப் பள்ளிகளில் பி.எட். இல்லாத ஆளை வகுப்புக்குள் விடமாட்டார்கள்.

சரி, மாலத்தீவு.

அங்கே அரசுப் பள்ளிகளிலேயே பாடமொழி ஆங்கிலம்தான், பெரிய பிள்ளைகள் நம் பத்தாம் வகுப்பு மாதிரியான பிரிட்டிஷ் ஓ-லெவல் தேர்வு எழுதுகிறார்கள். அதனால் டீச்சருக்கு உண்மையான வேலை இருக்கும். கட்டுரை திருத்துவது, இலக்கணம், வாசித்துப் பொருள் சொல்வது, வாரா வாரம் பாடத்திட்டம் எழுதிக் கொடுப்பது என்று நம்மூர் பள்ளியில் செய்ததையே இன்னும் ஒழுங்காகச் செய்யச் சொல்வார்கள். பல காலமாகக் கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிற நாடு, இந்திய முகத்தைப் பார்த்து யாரும் புருவம் தூக்குவதில்லை. நாம் வாத்தியார், அவ்வளவுதான். இந்த மரியாதை தாய்லாந்தில் எனக்குக் கிடைக்கவில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆனால் நான் டீச்சர், அவர் டிபெண்டென்ட், அதாவது என் விசாவை ஒட்டிக் கூட வந்தவர். டிபெண்டென்ட் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. தீவை முழுசாகச் சுற்றி நடந்தால் அரை மணி நேரம் ஆகாது. காலையில் நான் பள்ளிக்குப் போன பிறகு அவர் சமைப்பார், துணி துவைப்பார், படகுத் துறையில் போய் உட்கார்ந்து தூண்டில் போடுவார். அங்கே வீதியில் ஜோலி என்று இரும்புச் சட்டத்தில் வலை கட்டிய நாற்காலிகள் வரிசையாக இருக்கும், ஊர்ப் பெரியவர்கள் சாய்ந்துகொண்டு பேசுவார்கள், இவரும் போய்ச் சாய்வார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாளாக ஆக, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பள்ளியில் நடந்த ஒவ்வொன்றையும் அவர் ஒன்றுவிடாமல் கேட்க ஆரம்பித்தார், எனக்கோ வாயைத் திறக்கவே தெம்பிருக்காது. போதாக்குறைக்கு அத்தை வேறு போனில், "ஏன்டா, பொண்டாட்டி சம்பாரிச்சுப் போட நீ உக்காந்து திங்கறியா?" என்பார். விளையாட்டாகத்தான் கேட்பார், ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு இருக்காது.

சாப்பாடு என்றதும் படகு ஞாபகம் வருகிறது. தலைநகர் மாலேயிலிருந்து சரக்குப் படகு வந்தால்தான் தீவில் காய்கறி. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகு தள்ளிப்போகும். கடையில் வெங்காயம் தீரும், அடுத்து தக்காளி, அப்புறம் முட்டை. படகு வருகிறது என்று தெரிந்ததும் எங்க வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடுவார். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் விலை கிடைக்காமல் தக்காளியை ரோட்டில் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்த மனுஷன், அங்கே நசுங்கிய தக்காளியை எடைபோட்டு வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்த மாஸ் ஹூனியை ரொட்டியோடு காலையில் தருவார்கள், நான் இரண்டே வாரத்தில் அதற்கு அடிமை. நாம் மாசிக் கருவாடு என்கிறோமே, அது அந்த ஊர்ச் சரக்குதான். சைவக்காரர்கள் பருப்பு, புளி, ராகி மாவு எல்லாம் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். சாமி சிலை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். வழிபாட்டுக்கான சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவர அங்கே சட்டத்தில் தடை.

பணம் ரூஃபியாவில் வரும். டாலருக்கு 15.42 என்று கட்டிவைத்திருக்கிறார்கள், காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கும். டாலர் தட்டுப்பாடு உள்ள நாடு என்பதால் சம்பாதித்ததை ஊருக்கு அனுப்புவதுதான் தலைவலி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மாதம் எவ்வளவு அனுப்ப வங்கி விடும் என்பதை ஏற்கெனவே அங்கிருக்கும் ஒரு டீச்சரிடம் கேளுங்கள். அனுப்பவே முடியாத சம்பளம் பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம்?

உடம்புக்குப் பெரிதாக ஏதாவது என்றால் மாலே, அதையும் தாண்டினால் திருவனந்தபுரம். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் போகிறார்கள்.

தாய்லாந்தில் கதை தலைகீழ். ஏதாவது ஒரு பாடத்தில் டிகிரி இருந்தால் போதும், ஆசிரியர் தகுதி இல்லாதவர்களுக்கும் கூருசபா என்ற ஆசிரியர் கவுன்சில் 2 வருடத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கிறது. அதனால் எங்க வீட்டுக்காரரின் மெக்கானிக்கல் டிகிரி அங்கே செல்லுபடியானது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் என்பதால் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 990க்கு 600 எடுக்கச் சொன்னார்கள், எம்.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கும் விதிவிலக்கு இல்லை. அவர் என்னைவிட அதிக மார்க் வாங்கினார். இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

அங்கே பாடம் நடத்துவது வேறு தொழில். காலை 8 மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம், வகுப்பு வாசலில் செருப்புக் குவியல், உள்ளே நாற்பது ஐம்பது பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்ச்ச்சர்" என்று ராகம் போடுவார்கள். ஹவ் ஆர் யூ என்று கேட்டால் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ" என்று அதே ராகத்தில் பதில் வரும். அதற்கு மேல் ஒரு வாக்கியம் கேட்டால் நிசப்தம். ஆகவே படம் காட்டு, பாட்டுப் பாடு, பந்தைப் போட்டு வார்த்தை சொல்லச் சொல். பி.எட்.டில் படித்ததெல்லாம் எனக்கு அங்கே பாதிதான் உதவியது. அவரோ வந்த முதல் வாரமே தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு கைதட்டி விளையாடிக்கொண்டிருந்தார். தொழில் வளர்ச்சி என்று பார்த்தால் எனக்கு மாலத்தீவுதான் மேல். தாய்லாந்து அனுபவத்தை நம்மூர் பள்ளி இன்டர்வியூவில் சொன்னால், சுற்றுலா போய் வந்ததைப் போலத்தான் கேட்பார்கள்.

முகத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் பல விளம்பரங்களில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும் என்று போட்டே இருக்கும், அதற்கு நடைமுறையில் வெள்ளை முகம் என்று பொருள். பிலிப்பைன்ஸ் டீச்சர்களும் நாமும் ஒரே வரிசை, அதே வேலைக்குச் சம்பளம் குறைவு. வெள்ளைக்காரர்களுக்கு 30, 40 ஆயிரம் பாட் என்றால் நமக்குப் பெரும்பாலும் 18 முதல் 25 ஆயிரத்துக்குள். ஏஜென்சி வழியாகப் போனால் அதிலும் ஒரு துண்டு போகும். எங்களை அனுப்பிய ஏஜென்சி 12 மாதம் என்று வாயால் சொல்லிவிட்டு, கையில் கொடுத்த ஒப்பந்தத்தில் 10 மாதம் என்று போட்டிருந்தது. மார்ச் நடுவிலிருந்து மே நடுவு வரை பள்ளி விடுமுறை, அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு இல்லை. ஒரே ஆறுதல், போச்சம்பளிக்குப் பக்கத்தில் சந்தூரில் மாமனாருக்கு மாந்தோப்பு இருக்கிறது, சரியாக அந்தச் சமயத்தில்தான் அங்கே காய் இறங்க ஆரம்பிக்கும். வாத்தியார் இருவரும் சம்பளமில்லாத கூலிகளாக மாறினோம்.

இருந்தாலும் இரண்டு சம்பளம், ஒரு அடுப்பு. ஈசான் பக்கம் நாலைந்தாயிரம் பாட்டுக்குள் நல்ல அறை கிடைக்கும், ஒரு பழைய பைக் வாங்கிவிட்டால் போக்குவரத்து முடிந்தது. ஒருவர் சம்பளத்தில் சாப்பிட்டு, இன்னொருவர் சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்ப முடிந்தது. அதைவிட முக்கியம், சாயங்காலம் இருவருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. அவர் வகுப்பில் ஒரு பையன், என் வகுப்பில் ஒரு பெண் என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே சந்தையில் நடப்போம். பச்சைப் பப்பாளிச் சாலட், வறுத்த கோழி, ஒட்டரிசி. அங்கே ஒட்டரிசிச் சோற்றைக் கையில் உருட்டித் தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள், நம் களி உருண்டை மாதிரியே. சைவக்காரர்கள் 'ஜே' என்று கேட்டு வாங்கலாம், மஞ்சள் கொடி கட்டிய கடை, இல்லாவிட்டால் எதிலும் மீன் சாறு இருக்கும். உளுந்தும் ராகியும் வேண்டுமென்றால் பாங்காக்கில் இந்தியக் கடைகள் இருக்கும் பாஹுரத் போக வேண்டும், அப்படியே சிலோம் மாரியம்மன் கோயிலுக்கும் ஒரு நடை.

இன்னொரு விஷயம், இருவரும் ஒரே ஏஜென்சியில், ஒரே பள்ளியில் சேராதீர்கள். விசாவும் ஒர்க் பர்மிட்டும் வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் சண்டை வந்தால் இரண்டு விசாவும் ஒரே நாளில் ஆடும். தனித்தனி இடம் என்றால் ஒருவருக்கு வேலை போனாலும் மற்றவரின் டிபெண்டென்டாக மாறிக்கொள்ள வழி இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு தடவை மாற வேண்டியும் வந்தது. 90 நாளுக்கு ஒரு தடவை இருப்பிடத்தை இமிக்ரேஷனில் சொல்ல வேண்டும், அதையும் ஒருவருக்கு ஒருவர் ஞாபகப்படுத்துங்கள்.

எந்த நாடானாலும் காகிதம் ஒன்றுதான். நம் மாவட்டங்களில் கலைக் கல்லூரி டிகிரி பெரியார் பல்கலைக்கழகம், பி.எட். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், பி.இ. அண்ணா பல்கலைக்கழகம், ஒவ்வொன்றுக்கும் சான்றொப்பம் வாங்கத் தனி அலைச்சல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, சர்டிபிகேட்டில் வெறும் இனிஷியல் என்றால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். கோயிலில் கல்யாணம் செய்து பத்திரிகையை மட்டும் வைத்திருப்பவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் முதலில் பதிந்துவிட்டு வாருங்கள், டிபெண்டென்ட் விசாவுக்கு அது இல்லாமல் ஒன்றும் நகராது.

ஓசூரிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டால், இருவரும் தனியார் பள்ளியில் சேர்ந்தால் வாடகை கொடுத்துவிட்டு மிச்சம் பிடிப்பது கஷ்டம், அவருக்கு பி.எட். இல்லாமல் நல்ல சி.பி.எஸ்.இ. பள்ளி கதவும் திறக்காது.

என் கணக்கு இதுதான். இருவருக்கும் பி.எட். இருந்தால், ஒரே தீவில் இருவருக்கும் வேலை தருவதாக எழுத்தில் வந்தால், மாலத்தீவு. வேறு வேறு தீவு என்றால் வேண்டவே வேண்டாம், பக்கத்துத் தீவு என்பார்கள், படகு நேரத்தைப் பார்த்தால் கிருஷ்ணகிரிக்கும் சென்னைக்கும் தேவலாம் என்றிருக்கும். ஒருவருக்கு மட்டும் பி.எட். என்றால் தாய்லாந்து, ஆனால் அந்த 2 வருட அனுமதியை நம்பி வீட்டுக்கு லோன் போடாதீர்கள். தமிழ்நாட்டில் பி.இ. முடித்தவர்களும் பி.எட். சேரலாம், என்ன, கணிதம், அறிவியல் பக்கம்தான். மாலத்தீவில் கணக்கு வாத்தியாருக்கும் வேலை உண்டு என்று சொல்லி எங்க வீட்டுக்காரரை அப்ளிகேஷன் போட வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நீதான் டிபெண்டென்ட் என்கிறார், அதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.