ஊர்ப்பெயரில் ஒன்று, சொந்தப்பெயரில் ஒன்று: சிப்ஸ் கடைக்கு இரண்டு டொமைன் வாங்கிப் பார்த்ததில்

செங்கோட்டையில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறோம். இந்தத் தொழிலுக்கு எங்கள் பக்கம் ஆள் பஞ்சமே கிடையாது. குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய்ச் சட்டிதான். சாரல் விழுந்தால் ஒரு கூட்டம், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் இன்னொரு கூட்டம். மற்ற மாதங்களில் பார்சல்தான் கடையை ஓட்டுகிறது. பார்சலுக்காக வெப்சைட், வெப்சைட்டுக்காக டொமைன், அதாவது அதன் முகவரிப் பெயர்.

வீட்டுக்காரர் சொன்னது ரொம்ப நேரானது. “தேடுதவன் என்ன அடிப்பான்? குற்றாலம் சிப்ஸ்னுதான அடிப்பான்? அதையே பேரா வாங்கு.” தென்காசியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “சித்தி, அது ஊருக்கே பொதுப்பேரு. நாளைக்கு நடுவுல ஒரு கோடு போட்டு பக்கத்துக் கடைக்காரர் வாங்கிருவாரு. உங்களுக்குன்னு ஒரு பேரு வைங்க.” பஞ்சாயத்து முடியாததால் இரண்டையும் வாங்கினோம். ஒன்று ஊர், காய், பண்டம் மூன்றையும் ஒட்டவைத்த நீளப் பெயர், டாட் இன். மற்றது மாமியார் பெயரின் முதல் எழுத்துகளோடு வறுவலின் கடைசி எழுத்துகளைச் சேர்த்தது, டாட் காம். எந்த அகராதியிலும் இல்லாத சொல். இங்கே அதைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள்.

முதலில் வீட்டுக்காரர் கட்சி. தேடுகிற சொல்லையே பெயராக வைத்தால் கூகுளில் மேலே வரலாம் என்பது ஒரு காலத்தில் நிஜம்தான். அதற்காகவே உள்ளே சரக்கில்லாத தளங்கள் ஏகப்பட்டது முளைத்து, 2012 செப்டம்பரில் கூகுள் அப்படிப்பட்ட தரமில்லாத தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. இப்போது தள உரிமையாளர்களுக்கு கூகுள் தருகிற வழிகாட்டியிலேயே, டொமைனில் உள்ள சொற்களால் தேடல் வரிசையில் பெரிய பலன் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது. எங்கள் அனுபவமும் அதுவே. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு செல்போனில் சிப்ஸ் தேடுகிறவருக்கு வந்து நிற்பது கூகுள் மேப்பில் உள்ள கடைகள். அங்கே படமும் நட்சத்திரமும்தான் பேசுகின்றன, டொமைனை யாரும் பார்ப்பதில்லை. மேப்பில் கடைப்பெயரோடு ‘பெஸ்ட் சிப்ஸ்’ என்று ஒட்டவைப்பதும் விதிப்படி கூடாது. எங்கள் தெருவில் பாதிப்பேர் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை.

நீளப் பெயரில் நான் நினைத்தே பார்க்காத தொல்லை ஸ்பெல்லிங். குற்றாலத்தை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி! வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சி-யில் தொடங்குகிற வழி ஒன்று. கே-யில் தொடங்குகிறவர்களில் ஒரு டி போடுகிறவர், இரண்டு டி போடுகிறவர், நடுவில் ஆர் சேர்க்கிறவர், எல் எழுத்தை இரட்டிக்கிறவர் என்று தனித்தனிக் கட்சி. நேந்திரனுக்கு டி மட்டுமா, டி-யோடு எச்சுமா என்று அடுத்த சண்டை. எல்லாவற்றையும் வாங்கிவைக்க வேண்டுமானால் வறுத்துச் சம்பாதிப்பதை டொமைனுக்கே கட்ட வேண்டும்.

எங்களுக்குப் பாதி வாடிக்கை மலைக்கு அந்தப் பக்கம். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது, புனலூரும் கொல்லமும் எங்களுக்கு அந்நியமில்லை. அங்கிருந்து போன் செய்பவர்களுக்கு நீளப் பெயரைச் சொன்னால், “சேச்சி, குற்றாலத்து சிப்ஸ் கடை, அல்லே?” என்பார்கள். ஆமாம் என்றால் கேட்டுக்கொண்டு வேறு யாருடைய தளத்திலோ போய் ஆர்டர் போட்டுவிடுவார்கள். சின்னப் பெயரில் அந்தச் சிக்கல் வரவில்லை. ழ-வும் இல்லை, இரட்டிப்பும் இல்லை, சொன்னதும் எழுதிவிடலாம். பழைய ஆள் திரும்ப வருவதும், வந்தவர் மச்சினிக்குச் சொல்வதும் இந்தப் பெயரில்தான் நடக்கிறது. நீளப் பெயரின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மெட்ராஸில் இருக்கிற நாத்தனாரே “இது உங்களுதுதானா, தொடலாமா?” என்று கேட்டாள். மோசடி மெசேஜ் மாதிரியே இருக்கிறதாம்.

ஆனால் சின்னப் பெயருக்கு ஒரு விலை உண்டு. கேட்டவுடன் என்ன கடை என்று தெரியாது. சோப்பா, சேலையா என்று கேட்டவர்கள் உண்டு. பாக்கெட்டில், பில்லில், பார்சல் டேப்பில் எல்லாம் அடித்துப் பழக்க வேண்டியிருக்கிறது. சீசனுக்கு மட்டும் கடை போடுகிறவருக்கு இந்தச் செலவு வேண்டாம். மாத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கிற சோஹோவைப் பாருங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய கம்பெனி, 2009-ல் இந்தப் பெயருக்கு மாறியது. மென்பொருள் என்று அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. இன்று எங்கள் பக்கத்து ஆச்சிமாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆனால் அதற்கு அவர்கள் கொட்டிய உழைப்பு வேறு.

என் மனசை ஒரு பக்கமாகச் சாய்த்தது சட்டம். ஊரையும் பொருளின் வகையையும் மட்டுமே சொல்கிற பெயரை, 1999-ம் வருட வணிகச் சின்ன (டிரேட்மார்க்) சட்டத்தின் 9-வது பிரிவுப்படி சாதாரணமாகப் பதிவு செய்ய முடியாது. ஆண்டுக்கணக்கில் புழங்கி, அது இன்னார் சரக்கு என்று ஊரறிந்துபோனால் மட்டும் விலக்கு உண்டு. பிரானூர் பார்டர் புரோட்டா பேர் வாங்கியதிலிருந்து, எல்லையைக் கண்ணாலேயே பார்க்காத ஊர்களிலும் ‘பார்டர்’ போர்டு தொங்குகிறதே, அதுதான் ஊர்ப்பெயரின் கதி. உருவாக்கிய சொல்லுக்கு நிலைமை வேறு. சத்யம் இன்ஃபோவே என்ற இன்டர்நெட் கம்பெனி தன் பெயரிலிருந்தே கோத்தெடுத்த சொல் ‘சிஃபி’. இன்னொருவர் ‘சிஃபிநெட்’ என்று டொமைன் வைக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சத்யம் பக்கம் தீர்ப்பு வந்தது. எங்கள் சின்னப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டாயிற்று. தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய்.

தமிழிலேயே, டாட் இந்தியா என்ற முடிவோடும் பெயர் வாங்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சில இடங்களில் அந்த முகவரி எக்ஸ், என் என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துகளாக மாறித் தெரிகிறது. புனலூர்க்காரர் தமிழ் எழுத்தைத் தட்டவும் மாட்டார். விட்டுவிட்டேன்.

டொமைன் வாங்கிய கம்பெனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். முதல் வருடம் 199 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அதைப்போல நாலு மடங்குக்கு மேல் என்பது கீழே பொடி எழுத்தில். கேட்காமலே மெயிலும் ‘பாதுகாப்பு’ம் கூடையில் சேர்ந்திருந்தன, டிக்கை எடுத்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. டாட் காமுக்கு என் விவரங்களை மறைத்துவைத்தார்கள். டாட் இன்னுக்கு அந்த வசதி இல்லை என்றார்கள். வாங்கிய கையோடு “மேடம், வெப்சைட் பண்ணித் தரவா” என்று போன் மேல் போன். நல்லது என்று பார்த்தால், அவர்கள் சாட்டில் பதில் சுருக்காக வருகிறது. பிடிக்காவிட்டால் டாட் காமை 60 நாள் கழிந்ததும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், நானும் மாற்றிவிட்டேன். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலாவதியாகி அழிந்த டாட் காமை மீட்க 30 நாள் தவணை உண்டு, ஆனால் அதற்குத் தனியாகக் கறந்துவிடுவார்கள்.

இப்போது சின்னப் பெயரில்தான் கடை. நீளப் பெயரைத் தட்டினாலும் அங்கேயே கொண்டுவந்து விடுகிற மாதிரி அக்கா மகன் செய்துவைத்திருக்கிறான். அதற்குப் புதுப்பிக்கும் பில் ஆவணியில் வரும். வீட்டுக்காரர் கட்டு என்கிறார், அவன் விடு என்கிறான். இந்த வருடம் கட்டுவேன், கார்த்திகைக் கூட்டத்தில் அந்த வழியாக எத்தனை ஆர்டர் விழுகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை யோசிப்பேன்.