புடவைக்கடையில் நிற்கிறவளின் இன்சோல் அனுபவம்

யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக்கடையில் 17 வருடமாக நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் சரி. காலை ஒன்பதுக்கு ஏறினால் சாப்பாட்டு நேரம் தவிர இரவு ஏழு வரை பளிங்குத் தரைதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், பிறகு தீபாவளிக் காலமும் என்றால் கேட்கவே வேண்டாம்.

குதி நோவு 2022 கடைசியில் தொடங்கியது. விடிய எழும்பி முதல் அடி வைத்தால் ஆணி குத்தும். கொஞ்சம் நடக்கக் குறையும், பின்னேரம் திரும்ப வரும். அம்மா குதிவாதம் என்று நொச்சி இலை ஒத்தடம் தந்தா. குதி எலும்பிலிருந்து விரலடி வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை நொந்துபோயிருக்கிறது என்றார் டொக்டர். இரவில் இறுகிக் கிடப்பதை முதல் அடி சுண்டி இழுக்கிறதாம். எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளும் தெரிந்தது. நோவே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

முதலில் 900 ரூபாவுக்குக் குதிக்கு வைக்கும் ஜெல் துண்டு வாங்கி, அதைச் செருப்பில் ஒட்டினேன். சிரிக்காதீர்கள். இரண்டாம் நாள் அது சேலைக் குவியலுக்குள் கிடந்தது. இன்சோல், அதாவது பாதத்துக்கு அடியில் சப்பாத்துக்குள் வைக்கும் தாங்கி, போடுவதென்றால் குதியைப் பிடித்து வைக்கும் சப்பாத்து வேண்டும். செருப்பிலேயே காலம் தள்ளுகிற எங்கள் ஊரில் இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இன்சோலை அளவெடுத்துச் செய்விக்கலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். முதலில் ஆயத்தமாக விற்பதையே போட்டுப் பாருங்கள், அநேகமானோருக்கு அதே போதும் என்றா. உள்ளங்கால் வளைவைத் தாங்கும் கொஞ்சம் கெட்டியான சோடி 5,800 ரூபா. நாடா வைத்த கறுப்புச் சப்பாத்து வேறு. சேலைக்குக் கீழே அதைப் பார்த்த பக்கத்துக் கவுண்டர்ப் பெடியன், "என்னக்கா, மட்சுக்கோ வெளிக்கிட்டனீங்கள்?" என்றான். முதலாளியின் முகம் ஒரு மாதம் சரியாக இருக்கவில்லை.

முதல் கிழமை கல்லுக்கு மேல் நிற்பது போல இருந்தது. ஒரு மணித்தியாலம் போட்டுக் கழற்றி, நாளுக்கு நாள் கூட்டித்தான் பழகினேன். சப்பாத்தோடு வந்த பழைய உள்தாளைக் கழற்றாமல் அதற்கு மேலேயே வைத்ததால் பெருவிரல் நகம் கறுத்தது என் மடத்தனம். ஆறாவது கிழமையில் ஒருநாள் எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்த பிறகுதான், குதி குத்தவில்லையே என்று நினைவு வந்தது.

ஆனால் நாலாம் மாதம் நோவு திரும்ப வந்தது. காரணம் கடையில்லை, வீடு. பகல் முழுக்கத் தாங்கிய காலை, இரவில் வெறுஞ் சீமெந்தில் இரண்டு மணித்தியாலம் சமைக்க விட்டால் என்ன நடக்கும்? இப்போது வீட்டுக்கென்றே தடித்த செருப்பு வைத்திருக்கிறேன். படுக்கையை விட்டு இறங்க முதல் துவாயைப் பாதத்தில் கொழுவி இழுப்பேன், கெண்டைக்காலையும் நீட்டுவேன். இன்சோலுக்கு எவ்வளவு மதிப்போ, இந்த ஐந்து நிமிடத்துக்கும் அவ்வளவு கொடுப்பேன்.

இடுப்பு நோவுக்கு இன்சோல் ஒன்றும் செய்யவில்லை. அது முதுகுவலியைத் தடுப்பதில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கொக்ரேன் அமைப்பின் 2007ஆம் ஆண்டுத் தொகுப்பும் சொல்கிறது. கெண்டைக்கால் உளைவும் அப்படியேதான். சித்திரை வெயிலில் நாற்றம் வேறு. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காய விட வேண்டும். நான் வெயிலில் போட்டு ஒன்று சுருண்டது. ஒரு சோடி எனக்குப் பத்து மாதம் போனது. இப்போது மூன்றாவது.

கடையில் இன்னொரு அக்காவுக்குச் சீனி வருத்தம், காலில் உணர்ச்சி குறைவு. என்னுடையதைப் போட்டுப் பார்க்கக் கேட்டா. கொடுக்கவில்லை. அந்தக் காலில் உரசிப் புண் வந்தாலும் தெரியாது, டொக்டரிடம் காட்டாமல் போடக்கூடாது.

கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தினார்கள். அதை முதலாளியிடம் சொன்னேன். மனுசன் இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். தீபாவளிச் சரக்கு வந்ததிலிருந்து அதில் சேலைக் கட்டு இருக்கிறது.