‘பத்து நாள் ஓட்டிப் பாத்துட்டு சொல்றனுங்ணா’ என்று ஒருவர் வந்தால் குதிரையை ஏற்றி விடாதீர்கள்

கோபி, சத்தி, அந்தியூர், பவானி, தாராபுரம் பக்கம் வீட்டில் குதிரை வைத்திருப்பவர்கள், அதை விற்கும் யோசனையில் இருந்தால், இதைப் பொறுமையாகப் படியுங்கள். வைகாசியில் நான் ஏமாந்த கதை. பணமாகப் பார்த்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகைதான். குதிரையின் கால் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது ஆறு வயதுப் பெட்டைக் குதிரை, கத்தியவாரிக் கலப்பு. செவலை. நெற்றியிலிருந்து மூக்கு வரை கோணலாக இறங்கும் ஒரு வெள்ளைப் பட்டை, இடது பின்னங்கால் மட்டும் முழங்கால் மட்டத்துக்கு வெள்ளை. இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. மகள் ஓட்டுவதற்காக வாங்கியது. அவள் கோவைக்குப் படிக்கப் போகிறாள். எனக்கோ முதுகு ஒத்துழைக்கவில்லை. கொள்ளு, தவிடு, புல், லாடம், ஆள் கூலி என்று மாதம் பன்னிரண்டாயிரம் கரைந்துகொண்டிருந்தது.

ஆடி வரை பொறுத்திருந்தால் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு ஓட்டிப்போயிருக்கலாம். திப்பு சுல்தான் படைக்கே அங்கே குதிரை வாங்கினார் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் தரகர் நடுவில் நின்று, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் இடத்தில் எனக்கு நெஞ்சு படபடக்கும். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று இந்த வயதிலும் பிடிபடவில்லை. கல்லூரிப் பணத்தையும் ஆனிக்குள் கட்டியாக வேண்டும். நான்கு படம், ஒரு வீடியோ எடுத்து, 1,80,000 ரூபாய் என்று விலை போட்டு, நெட்டில் விளம்பரம் கொடுத்தேன்.

முதல் வாரம் போன் ஓயவில்லை. பாதிப்பேர் வயதுகூடக் கேட்கவில்லை, எடுத்தவுடன் “கடைசியா எவ்ளோங்க?” தான். ஒருவர் பழைய புல்லட்டையும் இரண்டு போயர் கிடாயையும் வைத்துக்கொண்டு குதிரையைக் கொடுக்கச் சொன்னார். ஒரு வேன் நிறையப் பையன்கள் வந்து, ஒன்றரை மணி நேரம் ஆளுக்கு ஆள் ஏறி ரீல்ஸ் எடுத்துவிட்டு, “வீட்ல கேட்டுட்டு வர்றோம் அங்கிள்” என்று போனார்கள். ஒரு பெரியவர் சுழி பார்க்க வந்தார். கழுத்திலிருந்து வால் வரை தடவிப் பார்த்து, நெஞ்சோரம் ஒரு சுழியைக் கண்டுபிடித்து, “இது இருந்தா வாங்குனவன் குடும்பம் விளங்காதுங்க. நாப்பதாயிரம் கொறச்சுக்கிட்டா ஓட்டிட்டுப் போறேன்” என்றார். “நாப்பதாயிரம் கொறச்சா மட்டும் குடும்பம் விளங்கிருமாங்க?” என்று அம்மா திண்ணையிலிருந்து கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வெலிங்டனில் ராணுவ அதிகாரி என்று ஒருவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். பார்க்காமலேயே வாங்கிக்கொள்வாராம், பேரமே இல்லையாம், ஆர்மி லாரி வந்து ஏற்றிப் போகுமாம். வாட்ஸப்பில் அடையாள அட்டை வந்தது, பின்னாலேயே ஒரு கியூஆர் கோடும் வந்தது. “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, அட்வான்ஸ் ஏறிரும்.” பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை, போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். தவிர, ராணுவத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளவே ரீமவுண்ட் வெட்டரினரி கோர் என்று தனிப் படைப்பிரிவு இருக்கிறது, மீரட்டில் அதன் மையம். அவர்கள் என் கொட்டகைக்கு வந்தா குதிரை தேடப் போகிறார்கள்? சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துச் சொல்லிவிட்டு அவர் எண்ணை பிளாக் செய்தேன். அன்றைக்கு என் சாமர்த்தியத்தில் எனக்கே கொஞ்சம் மிதப்பு.

பெங்களூரிலிருந்து ஒருவர் நான்கு தடவை அழைத்தார். கேள்வி, கேள்வி, கேள்வி. கடைசியாகக் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா, வயிற்றுவலி வந்ததுண்டா. கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு தன் டாக்டரோடு வந்து பார்ப்பாராம். அது குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் நோய், உறுதியானால் அந்தக் குதிரையைக் கொன்றாக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்ட விதத்தில் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று கோபம் வந்துவிட்டது. “வேற எடம் பாருங்க சார்” என்று வைத்துவிட்டேன். வந்த அத்தனை பேரிலும் குதிரை வாங்குகிற எண்ணத்தோடு பேசியவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தெரிகிறது.

அப்புறம் வந்தார் நம்ம ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி, ஆறேழு வயதுப் பெண் குழந்தையோடு காரில் வந்தார். திருப்பூர்ப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னார், விசிட்டிங் கார்டு கொடுத்தார். குழந்தை கையில் வெல்லம். குதிரைக்குப் பின்பக்கமாகப் போகாமல், தோள் பக்கமாக வந்து, கழுத்தைத் தட்டிவிட்டுத்தான் கயிற்றைத் தொட்டார். உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தார். ஐந்து வயதில் குதிரைக்கு முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகி வாய் நிறைந்துவிடும். அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயது சொல்ல முடியும். “வாய் நெறஞ்சு ஒரு வருசம் ஆயிருக்கும், சரிதானுங்ணா?” என்றார். குளம்பைத் தூக்கிப் பார்த்து, “லாடம் புதுசு, நல்ல கைகாரர்” என்றார். எங்கள் லாடக்காரரை யாரும் இப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பேரம் பேசவில்லை. நானாகக் குறைத்துச் சொன்ன 1,75,000-க்கு ஒத்துக்கொண்டார். “பாப்பாவுக்குத்தானுங்ணா. புது எடத்துல எப்பிடி இருக்குன்னு பத்து நாள் ஓட்டிப் பாத்துட்டு சொல்றனுங்ணா. ஒத்து வரலைன்னா நானே கொண்டாந்து வுட்டுர்றேன்.” இருபதாயிரம் முன்பணமாகக் கையில் கொடுத்தார். என் மனைவி, “எதுக்கும் ஆதார் ஒண்ணு வாங்கிக்கலாங்க” என்று சமையலறை வாசலில் நின்று சைகை காட்டினாள். குழந்தையை வைத்துக்கொண்டு வந்திருக்கிற மனுசனிடம் எப்படிக் கேட்பது? எழுதியும் வாங்கவில்லை. மறுநாள் ஒரு பிக்கப் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

முதல் மூன்று நாள் அவரே அழைத்து, “நல்லா இருக்குதுங்ணா, கொள்ளு சாப்புடுது” என்றார். பிறகு நான் அழைத்தால் எடுக்கவில்லை. பத்தாம் நாள் போனது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு, மழைத் தூறலில், முன்னறிவிப்பே இல்லாமல் பிக்கப் வாசலில் நின்றது. பாப்பா பயப்படுகிறாளாம், வீட்டில் வேண்டாம் என்கிறார்களாம். கரண்ட் இல்லை. வண்டியிலிருந்து இறக்கும்போது குதிரை தயங்கியது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். கூட வந்த இரண்டு பேர் பேசாமல் நின்றார்கள். இருபதாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்த நேரத்தில், ஒருவர் சொன்னபடி திருப்பிக் கொண்டுவந்து விட்டாரே என்று எனக்கு மரியாதைகூட வந்தது.

விடிந்து பார்த்தால் வலது முன்னங்காலை ஊன்றவில்லை. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் நரம்பு சூடாக வீங்கியிருக்கிறது. கடைவாய் இரண்டு பக்கமும் கடிவாளம் வெட்டிய புண். வயிற்று வார் உரசி முடி போயிருக்கிறது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சேணப் புண், அதன் மேல் மஞ்சள் பூசி மறைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தை பத்து நாள் ஓட்டி வருகிற புண்ணா அது? லாடக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். லாடத்தின் முன் விளிம்பு தேய்ந்து தகடாகியிருந்தது. “நான் அடிச்சு ஒரு மாசம் ஆகலீங்க. இது தார் ரோட்டுல, அதுவும் நின்ன எடத்துல குதிக்க வச்சுத் தேச்சது” என்றார்.

நான்கு நாள் கழித்து அந்த லாடக்காரரே ஒரு வீடியோ அனுப்பினார். அவிநாசிப் பக்கம் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்த மாப்பிள்ளை அழைப்பு. செண்டை மேளம், வாணவேடிக்கை, நடுவில் ஜிகினாத் துணி போர்த்திய குதிரை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடுகிறது. கோணல் பட்டை, வெள்ளைக் கால். “இது நம்ம புள்ளதானுங்க?” என்று கீழே எழுதியிருந்தார். பட்டாசுச் சத்தத்துக்குக் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு மிரண்டு நிற்கிற அந்த முகத்தை என் மகளிடம் காட்டவில்லை.

பிறகு காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அவர் ஏற்றிப்போன பன்னிரண்டு நாளில் நான்கு முகூர்த்தம். அந்தக் கல்யாண வீட்டில் விசாரித்ததில் குதிரைக்கு 6,000 கொடுத்தார்களாம். எங்கள் ஊருக்கு வந்தது குதிரை வாங்குவதற்கில்லை. முகூர்த்த நாட்களுக்கு வாடகை இல்லாத குதிரை தேடி வந்திருக்கிறார். அதனால்தான் விலையில் பேரமே இல்லை. கொடுக்கப் போகாத பணத்துக்கு யார் பேரம் பேசுவார்கள்?

போலீஸ் ஸ்டேஷனில் இது சிவில் சமாச்சாரம் என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீலாக இருக்கும் மாப்பிள்ளை முறை ஒருவரிடம் போனேன். அவர் சரக்கு விற்பனைச் சட்டம், 24-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். பிடித்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் திருப்பு என்று கொடுத்த பொருளை, வாங்கிப் போனவர் தன்னுடையதாகவே எடுத்து ஆண்டாலோ, பேசிய கெடு தாண்டியும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டாலோ, அது அவருக்கு விற்றதாகிவிடும். இவர் இரண்டையும் செய்திருக்கிறார். “அன்னைக்கு ராத்திரி நீங்க அந்தக் குதிரைய எறக்கியே இருக்க வேண்டாம் மாமா. ‘பாக்கி ஒண்ணே முக்கால்ல இருபது போக மீதியக் குடு’ன்னு கேட்டிருக்கலாம். நீங்களே பணத்தத் திருப்பிக் குடுத்து, ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க” என்றார். அது 1930-ஆம் வருடத்துச் சட்டம். போன் மோசடிக்கு அழைக்க வேண்டிய 1930 எனக்குத் தெரிந்திருந்தது, இந்த 1930 தெரியவில்லை.

நோட்டீஸ் அனுப்பினோம். கார்டில் இருந்த முகவரியில் அப்படி ஆளே இல்லை என்று திரும்பி வந்தது. நம்பர் அணைந்துவிட்டது. கையில் இருப்பது அவர் முதல் வாரம் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜும் கல்யாண வீடியோவும் மட்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிப்போய் ஸ்கேன் பார்த்தோம். தசைநாரில் கிழிசல். மாதக்கணக்கில் ஓட்டம் கூடாது, கையில் பிடித்து நடக்க மட்டும் விடலாம் என்றார்கள். விற்பனையும் போயிற்று, கல்லூரிப் பணத்துக்கு நகை அடகுக்குப் போயிற்று.

இனி யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் என் தோட்டத்துக்கு வந்து ஓட்டட்டும், ஒரு மாதம் தினம் வந்தாலும் காபி தருகிறேன். முழுப் பணமும் கணக்கில் ஏறி, ஆதார் நகலோடு கையெழுத்தான பிறகுதான் குதிரை வாசல் தாண்டும். பெங்களூர்க்காரருக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் வேறு குதிரை வாங்கிவிட்டாராம்; எங்கள் குதிரையின் காலைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் விசாரித்தார்.

இதை ஆடியில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, அவருக்கும் வேலை இல்லை. அந்தியூரில் விலை படியாமல் குதிரையைத் திருப்பி ஓட்டி வருகிறவர்கள் அடுத்த வாரமே நெட்டில் விளம்பரம் போடுவார்கள். ஆவணி பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். ஆளுக்கு நாற்பது வயதிருக்கும், ஒல்லி, மரியாதையான பேச்சு. குதிரையை உண்மையிலேயே தெரிந்தவர். குழந்தை கையில் வெல்லம் இருக்கும்.